ஒரு மைல், மூன்று மைல், ஐந்து மைல்

வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் எவ்வளவு தொலைவில் இருக்கலாம் என்பதைப் பல நாடுகள் சட்டத்திலும் விதிகளிலும் எழுதிவைத்திருக்கின்றன. பின்லாந்தில் பள்ளி ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் பிள்ளையை இலவசமாக வண்டியில் அழைத்துச் செல்வது உள்ளாட்சியின் கடமை. நார்வேயில் முதல் வகுப்புப் பிள்ளைக்கு இந்த எல்லை இரண்டு கிலோமீட்டர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு நான்கு. இங்கிலாந்தில் எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இரண்டு மைல், மற்றவர்களுக்கு மூன்று மைல். இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி வந்த விதிகள், தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, காமராசர் காலத்துச் சென்னை மாநிலம் ஒரு கணக்கை வகுத்துக்கொண்டிருந்தது: ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி.

பார்வைக்கு இவை கோப்புகளில் கிடக்கும் எண்கள். ஆனால் ஒவ்வோர் எண்ணும் ஒரே கேள்விக்குச் சொல்லப்பட்ட விடை. பிள்ளைக்கும் பள்ளிக்கும் நடுவிலுள்ள இடைவெளியை யார் கடக்க வேண்டும்? இங்கிலாந்தின் 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலும் மூன்று மைல் வருகிறது. மூன்று மைலுக்குள் பள்ளி இல்லையென்றால் பிள்ளையை அனுப்பாத பெற்றோர்மீது குற்றமில்லை என்பது அன்று அதன் பொருள். அந்தப் பிள்ளை பிறகு எங்கே படிக்கும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. இன்று அதே மூன்று மைலைத் தாண்டினால் வண்டிக்கு ஏற்பாடு செய்ய வேண்டிய பொறுப்பு உள்ளாட்சிக்கு வந்துவிடுகிறது. எண் அப்படியே இருக்கிறது, நடக்க வேண்டியவர் மாறியிருக்கிறார்.

உலகக் கல்வியின் வரலாற்றை இந்த இடமாற்றத்தின் வரலாறாகவே படிக்க முடியும். சாலையின் நீளம் தொலைவின் ஒரு வகை மட்டுமே. கட்டணம், பசி, சாதி, நிறம், பால், மொழி என்று பள்ளிக்கும் பிள்ளைக்கும் நடுவே விழுந்து கிடப்பவை பல. 2024இல் யுனெஸ்கோ வெளியிட்ட கணக்கின்படி, பள்ளி வயதில் இருந்தும் பள்ளிக்கு வெளியே இருப்பவர்கள் உலகெங்கும் ஏறத்தாழ 25 கோடிப் பேர். மிக ஏழை நாடுகளில் பள்ளி வயதினரில் நூற்றுக்கு 33 பேர் வெளியே நிற்கிறார்கள், பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 3 பேர். ஒரு மாணவருக்கு ஓராண்டில் செலவிடப்படும் தொகை ஏழை நாடுகளில் ஏறத்தாழ 55 டாலர், பணக்கார நாடுகளில் 8,500 டாலருக்கும் மேல். எந்த நாட்டில் பிறக்கிறோம் என்பது எந்தக் குழந்தையின் தேர்வும் இல்லை. படிப்பின் பெரும்பகுதியை அந்தப் பிறப்பே தீர்மானித்துவிடுகிறது என்பதுதான் இந்த எண்கள் சொல்லும் அநீதி.

*

கண்ணுக்கு முதலில் தெரிவது சாலைத் தொலைவு. சென்னை மாநிலத்தில் 1953இல் வந்த, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்ன அரைநாள் பள்ளித் திட்டம் ‘குலக்கல்வி’ என்று எதிர்க்கப்பட்டு 1954இல் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் முதலமைச்சர் காமராசரும் கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவும் எதிர்த்திசையில் சென்றார்கள். பள்ளியில்லாத ஊர்கள் கணக்கெடுக்கப்பட்டு, ஓராசிரியர் பள்ளியாகவாவது ஒன்று திறக்கப்பட்டது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்ற பெயரில் ஊர்மக்கள் கூடி, பெஞ்சும் கரும்பலகையும் கடிகாரமும் தங்கள் பள்ளிக்கு வாங்கிக் கொடுத்தார்கள். அரசு கொண்டுவந்த பள்ளியை ஊர் தன் பள்ளியாக ஏற்றுக்கொண்டது.

ஊரே இல்லாத இடத்தில் பள்ளியை எங்கே வைப்பது? ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வெறும் நிலம். அங்கு வளர்ந்த பிள்ளைகளுக்கு நெடுங்காலம் அஞ்சலில் வரும் பாடங்களே பள்ளியாக இருந்தன. 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வானொலிப் பள்ளி தொடங்கியது. அவசரத்துக்கு விமானத்தில் பறந்து வரும் மருத்துவரை அழைக்கப் பண்ணை வீடுகளில் வைத்திருந்த கம்பியில்லாக் கருவியே வகுப்பறையாயிற்று. ஆசிரியர் நகரத்திலிருந்து கேட்கிறார், வெவ்வேறு பண்ணைகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகப் பதில் சொல்கிறார்கள். இன்று செயற்கைக்கோள் இணையத்தில் நடக்கும் அந்த ஒரு பள்ளியின் எல்லை பத்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல்.

வங்கதேசத்தின் வடமேற்கில் சலன் பீல் என்ற பெருநீர்ப் பகுதியில் மழைக்காலம் வந்தால் வழி மூழ்கிவிடும், பள்ளிகள் மூடிவிடும். அந்தப் பகுதியில் வளர்ந்த கட்டடக் கலைஞர் முகம்மது ரெஸ்வான், நிலத்தில் கட்டுவதை விட்டுவிட்டுப் படகில் பள்ளி கட்டினார். அவருடைய சிதுலாய் சுவனிர்பர் சங்ஸ்தா 2002இல் முதல் படகுப் பள்ளியை நீரில் இறக்கியது. படகு கரைகரையாகச் சென்று பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளும். ஓரிடத்தில் கட்டிவைத்துப் பாடம் நடத்தும். பாடம் முடிந்ததும் அவரவர் கரையில் இறக்கிவிட்டு அடுத்த கூட்டத்தை ஏற்றப் போகும். வெள்ளம் வரும் மாதங்களிலும் படிப்பு நிற்பதில்லை.

கியூபா 1961இல் இதையே ஒரு நாடு முழுவதற்கும் செய்து பார்த்தது. அந்த ஓராண்டு பள்ளிகள் நகரங்களைவிட்டு மலைகளுக்குப் போயின. ஏறத்தாழ ஒரு லட்சம் இளம் மாணவர்கள், அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், கையில் ஒரு பாடநூலும் ஒரு விளக்குமாக உழவர் வீடுகளுக்குச் சென்று தங்கினார்கள். பகலில் அவர்களோடு வயலில் வேலை, இரவில் விளக்கொளியில் எழுத்து. ஏழு லட்சம் பேர் எழுதப் படிக்கக் கற்றார்கள் என்றும், எழுத்தறியாதோர் விகிதம் 23 விழுக்காட்டுக்கு மேலிருந்து 4 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியது என்றும் அரசு அறிவித்தது. அந்த விளக்கு மின்சாரமில்லாத வீட்டுக்குள் எழுத்தைக் கொண்டுபோன வண்டி.

எல்லா இடத்திலும் பள்ளி நகர்ந்து வர முடியாது. அப்போது பிள்ளையின் கால்களுக்கு வலு சேர்க்கலாம். தமிழ்நாட்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கிய இலவச மிதிவண்டித் திட்டம் பிறகு மற்ற மாணவர்களுக்கும் விரிந்தது. பீகார் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு மிதிவண்டி வாங்கப் பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாசும் நடத்திய ஆய்வின்படி, மாணவிகளின் சேர்க்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியது. உயர்நிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் அந்தப் பலன் அதிகம். வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே தொலைவுக்கு அனுப்பத் தயங்கிய வீடுகளின் அச்சத்தையும் இரண்டு சக்கரங்கள் ஓரளவு கரைத்தன. சேர்ந்து மிதிக்கும் பத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் துணை.

*

வாசலிலேயே பள்ளி இருந்தாலும் கையில் காசில்லாதவருக்கு அது தொலைவுதான். 1980களில் கடன் நெருக்கடியில் சிக்கிய ஆப்பிரிக்க நாடுகள் பல, செலவைச் சுருக்குவதற்காகத் தொடக்கப் பள்ளிகளிலும் கட்டணம் வாங்கின. கட்டணத்தை எடுத்தபோது என்ன நடந்தது என்பது அதுவரை எத்தனை பிள்ளைகள் வெளியே காத்திருந்தார்கள் என்பதைக் காட்டியது. மலாவி 1994இல் கட்டணத்தை நீக்கியது. 19 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 30 லட்சமாயிற்று. கென்யா 2003 ஜனவரியில் நீக்கியது. 59 லட்சம் 72 லட்சமாயிற்று.

அந்தக் கூட்டத்தில் ஒரு முதியவரும் இருந்தார். கென்ய விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்ற கிமானி மருகே, 2004இல் தம் 84ஆம் வயதில் எல்டோரெட் நகரத்துத் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்தார். அரைக்கால் சட்டையும் முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறையுமாகப் பேரப்பிள்ளைகள் வயதினரோடு பெஞ்சில் உட்கார்ந்தார். பைபிளைத் தாமே படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அடுத்த ஆண்டு நியூயார்க் சென்று, எல்லாருக்கும் இலவசக் கல்வி வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அவையில் கேட்டார். கட்டணம் என்ற ஒரு சிறிய தடை ஒரு மனிதரை எண்பது ஆண்டுகள் வாசலில் நிறுத்திவைக்கும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

கட்டணம் போனாலும் செலவு போய்விடுவதில்லை. சீருடை, நோட்டு, தேர்வுக் கட்டணம் என்று வேறு பெயரில் அது திரும்பி வரும். பிள்ளை கொண்டுவரும் கூலியும், ஆடு மேய்க்கவும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டில் இருக்கும் ஒரு கையும் ஏழை வீட்டுக்குப் பெரிய இழப்பு. இதை ஈடுகட்ட மெக்சிகோ 1997இல் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் குடும்பங்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. பணம் தாயின் கையில் தரப்பட்டது. படிப்பை நிறுத்தும் ஆபத்து மிகுந்த மேல்வகுப்புகளில் பெண்பிள்ளைகளுக்குத் தொகை கூடுதல். பிரேசில் 2003இல் போல்சா ஃபமீலியா என்ற பெயரில் அதே வழியில் சென்றது.

பசிக்கு விடை தேடியதில் சென்னைக்கு முன்வரிசையில் இடம் உண்டு. 1920இல் தியாகராயச் செட்டியார் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு தரத் தொடங்கியது. 1956இல் காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 2001இல் உச்ச நீதிமன்றம் சமைத்த உணவை இந்தியா முழுமைக்கும் கட்டாயமாக்கியது. 2022 முதல் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் கிடைக்கிறது. பின்லாந்து போரின் நடுவே 1943இல் சட்டம் இயற்றி, 1948 முதல் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் விலையில்லா உணவு கொடுத்துவருகிறது. ஒரு வேறுபாடு கவனிக்கத் தக்கது. ஏழைப் பிள்ளைக்கு மட்டும் சோறு என்னும்போது தட்டு ஏந்தி நிற்கும் கூச்சம் அந்தப் பிள்ளைக்கு மிஞ்சும். எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்ணும்போது பசியோடு கூச்சமும் தீர்கிறது.

*

சில இடங்களில் தொலைவை அளக்க மைல் வேண்டாம், தெருக்கள் போதும். பள்ளி பக்கத்திலேயே இருக்கும், வழியும் திறந்திருக்கும், உள்ளே இருப்பவர்கள் விடமாட்டார்கள்.

திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பள்ளிகளில் சேர்க்கலாம் என்று அரசு ஆணை வந்த பிறகும் பள்ளிகள் அவர்களைச் சேர்க்கவில்லை. 1910களில் ஒடுக்கப்பட்டோரின் தலைவர் அய்யன்காளி, பஞ்சமி என்ற புலையர் சிறுமியின் கையைப் பிடித்து ஊருட்டம்பலம் பள்ளிக்குள் அழைத்துச் சென்று பெஞ்சில் உட்காரவைத்தார். ஆதிக்க சாதியினர் அந்தப் பள்ளியையே கொளுத்திவிட்டார்கள். ஒரு சிறுமி உட்கார்ந்த இடத்தில் தங்கள் பிள்ளைகள் உட்காருவதைவிட யாருக்குமே பள்ளி இல்லாமல் போகலாம் என்று அவர்கள் நினைத்தார்கள். எரிந்து மிஞ்சிய பெஞ்சு ஒன்று அங்கே பாதுகாக்கப்படுகிறது.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் டொபீகா நகரத்துச் சிறுமி லிண்டா பிரவுனின் வீட்டிலிருந்து ஏழு தெருக்கள் தள்ளி ஒரு பள்ளி இருந்தது. அது வெள்ளையருக்கு. கறுப்பினச் சிறுமியான அவர் ரயில் பாதைகளைக் கடந்து நடந்து, பேருந்து பிடித்து, ஒரு மைல் தள்ளியிருந்த பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. அவருடைய தந்தை ஆலிவர் பிரவுன் பெயரில் நடந்த வழக்கில், 1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். நிறத்தால் பிரித்துவைத்த பள்ளிகள் சமமானவையாக இருக்க முடியாது என்றது தீர்ப்பு.

தீர்ப்பு வாசலைத் திறந்தது, நடப்பது பிள்ளைக்கே விடப்பட்டது. 1960 நவம்பரில் நியூ ஆர்லியன்சில் ஆறு வயது ரூபி பிரிட்ஜஸ், கூச்சலிடும் கூட்டத்தின் நடுவே, நடுவண் அரசின் காவலர்கள் சூழ ஒரு வெள்ளையர் பள்ளிக்குள் போனார். வெள்ளைப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஆண்டு முழுவதும் பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை, ஒரே ஒரு மாணவி இருந்த வகுப்பில் பாடம் நடத்தினார். பஞ்சமிக்கும் ரூபிக்கும் நடுவே கடல்களும் பல ஆண்டுகளும் இருக்கின்றன. இருவரும் நடந்த தூரம் ஒன்றுதான். பெரியவர்கள் உண்டாக்கிய தொலைவைச் சிறுமிகள் கடக்க வேண்டியிருந்தது.

*

பால் வேறுபாடு உண்டாக்கும் தொலைவு இன்று ஆப்கானிஸ்தானில் மிகக் கொடிய வடிவில் இருக்கிறது. 2021இல் தாலிபான் ஆட்சி திரும்பியதும் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளி மூடப்பட்டது. 2022 மார்ச் 23 அன்று திறக்கப்படும் என்ற அறிவிப்பை நம்பி மாணவிகள் சீருடை அணிந்து பள்ளிக்குப் போனார்கள். சில மணி நேரத்தில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டன. இந்தத் தடையால் குறைந்தது 14 லட்சம் பெண்கள் படிப்பை இழந்ததாக 2024இல் யுனெஸ்கோ சொன்னது. பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகக் கூடாது என்று அரசே தடுக்கும் நாடு உலகில் அது ஒன்றுதான். சாலை இருக்கிறது, பள்ளி இருக்கிறது, படிக்கும் ஆசை இருக்கிறது. அரசு மட்டும் குறுக்கே நிற்கிறது.

இதே தெற்காசியாவில் வேறொரு வழியும் நடந்திருக்கிறது. வங்கதேசம் 1994இல் ஊர்ப்புற மாணவிகளுக்கு உயர்நிலைப் பள்ளி உதவித்தொகையை நாடு முழுவதற்கும் விரித்தது. நிபந்தனைகள் மூன்று: நூற்றுக்கு 75 நாள் வருகை, குறிப்பிட்ட மதிப்பெண், திருமணம் ஆகாதிருத்தல். மூன்றாவது நிபந்தனையில்தான் திட்டத்தின் கூர்மை இருந்தது. பதினைந்து வயதில் மகளுக்கு மாப்பிள்ளை தேடிய வீட்டில், இன்னும் இரண்டு ஆண்டு பொறுக்கலாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்தது. சில ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளிகளில் பெண்களின் எண்ணிக்கை ஆண்களுக்குச் சமமாகி, பிறகு மிஞ்சியது.

*

பள்ளிக்குள் வந்து உட்கார்ந்த பிறகும் ஆசிரியர் பேசுவது புரியவில்லையென்றால் பிள்ளை இன்னும் வெளியேதான் இருக்கிறது. உலக மக்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்குத் தாங்கள் பேசும், புரிந்துகொள்ளும் மொழியில் கல்வி கிடைப்பதில்லை என்பது யுனெஸ்கோவின் மதிப்பீடு. தான்சானியா 1967இல் தொடக்கக் கல்வி முழுவதையும் சுவாஹிலியில் அமைத்தது. ஆனால் அதற்கு மேற்பட்ட பள்ளியில் பாடமொழியாக ஆங்கிலம் நீடித்தது. ஏழு ஆண்டுகள் ஒரு மொழியில் சிந்தித்துப் பழகிய பிள்ளை, எட்டாம் ஆண்டு வகுப்பறையில் வாய்மூடி உட்கார நேர்ந்தது.

மொழி திணிக்கப்படும்போது இந்த மௌனம் உடைவதும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் 1953ஆம் ஆண்டு பாண்டு கல்விச் சட்டம், கறுப்பினப் பிள்ளைகளை அடிமட்ட வேலைகளுக்கு மட்டும் தயார்செய்யும் கல்வியை வகுத்தது. 1974இல் கணிதம் உள்ளிட்ட பாடங்களை ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் நடத்த வேண்டும் என்று ஆணை வந்தது. தங்களை ஒடுக்குவோரின் மொழியில் கணக்குப் போட மறுத்து, 1976 ஜூன் 16 அன்று சோவேட்டோவில் பல்லாயிரம் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். காவல்துறை சுட்டது. இறந்தவர்களில் பன்னிரண்டு வயது ஹெக்டர் பீட்டர்சனும் ஒருவர். மூன்று வாரங்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்த நாள் இன்று ஆப்பிரிக்கக் குழந்தைகள் நாளாக நினைக்கப்படுகிறது.

இலங்கையின் கதையில் வெளிச்சமும் நிழலும் அருகருகே இருக்கின்றன. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945 முதல் அங்கே பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி. தொடக்கக் கல்வி தாய்மொழியில். ஊர்ப்புறங்களில் மத்திய கல்லூரிகள். எழுத்தறிவில் அந்தத் தீவு அண்டை நாடுகளை முந்தியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் அதே தீவின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில், லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகளை அந்த வெளிச்சம் எட்டவில்லை. தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பில் இருந்த ஓரறைப் பள்ளிகள், சில வகுப்புகளோடு நின்றுபோன படிப்பு, அதன் பிறகு கொழுந்து பறிக்கும் கூடை என்றே பல தலைமுறைகள் கழிந்தன. அந்தப் பள்ளிகள் அரசின் கைக்கு வர 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு நாட்டின் கல்விப் பெருமையைச் சராசரி எண்ணில் மட்டும் அளந்தால் அந்த நாட்டின் கடைசி வரிசை கண்ணில் படாது.

*

சராசரி மறைத்துவிடும் கடைசி வரிசை பணக்கார நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் பள்ளிகளுக்கான பணத்தில் கணிசமான பங்கு அந்தந்த வட்டாரத்துச் சொத்து வரியிலிருந்து வருகிறது. டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு பள்ளி வட்டாரங்கள். எட்ஜ்வுட்டில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ வழிவந்த ஏழைகள். 1967-68ஆம் ஆண்டில் அவர்கள் சொத்தில் நூறு டாலருக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அலமோ ஹைட்ஸில் 0.85 டாலர்தான். அப்படியும் ஒரு பிள்ளைக்குச் செலவிட எட்ஜ்வுட்டுக்குக் கிடைத்தது 356 டாலர், அலமோ ஹைட்ஸுக்கு 594 டாலர். ஏழையின் வீடு விலை குறைந்தது. அதனால் எவ்வளவு அதிக விகிதத்தில் வரி கட்டினாலும் வருவது குறைவு. 1968இல் எட்ஜ்வுட் மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறிப் போராடினார்கள். டெமெட்ரியோ ரொட்ரிகஸும் மற்றப் பெற்றோர்களும் வழக்குத் தொடுத்தார்கள். 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கல்வி அரசியல் சட்டம் உறுதிசெய்யும் அடிப்படை உரிமை இல்லை என்று சொல்லி அவர்கள் கோரிக்கையை ஒதுக்கியது. டெக்சாஸ் மாநில நீதிமன்றத்தில் அவர்களுக்கு ஒரு வெற்றி கிடைக்க 1989 வரை ஆயிற்று. அதற்குள் 1968இல் வெளிநடப்புச் செய்த மாணவர்கள் நாற்பது வயதை நெருங்கிவிட்டார்கள்.

ஜப்பான் அதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. பொதுப்பள்ளி ஆசிரியர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை நடுவண் அரசு தருகிறது, மற்றது மாகாணங்களின் பொறுப்பு. ஊரின் வரி வருவாய்க்கும் ஆசிரியரின் சம்பளத்துக்கும் தொடர்பில்லை. ஆசிரியர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பள்ளி மாற்றப்படுவதால் நல்ல ஆசிரியர்கள் ஒரே நகரத்தில் தேங்குவதில்லை. தீவுகளிலும் மலைகளிலும் உள்ள பள்ளிகளுக்கென்று 1954இலேயே தனிச் சட்டம் வந்தது. அங்கே போகும் ஆசிரியருக்குக் கூடுதல் படி உண்டு.

பின்லாந்தில் 1970கள் வரை பதினோரு வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்து, சிலரை மேற்படிப்புக்கும் மற்றவர்களைக் கைத்தொழிலுக்கும் அனுப்பினார்கள். 1972இல் எல்லாரும் ஒன்பது ஆண்டுகள் ஒரே பள்ளியில் படிக்கும் பொதுப்பள்ளி தொடங்கியது. தொடங்கிய இடம் முக்கியமானது. வடகோடியில், ஆளரவம் குறைந்த லாப்லாந்தில் தொடங்கி, தெற்கே நகர்ந்து, 1977இல் தலைநகர் ஹெல்சிங்கியை அடைந்தது. சீர்திருத்தம் தலைநகரில் பிறந்து விளிம்புக்குச் சென்று சேராமல் போவதுதான் உலக வழக்கம். அங்கே விளிம்பில் உள்ள பிள்ளை முதலில் பெற்றது, தலைநகரத்துப் பிள்ளை காத்திருந்தது.

*

கடைசியாக ஒரு தொலைவு பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. கட்டணத்தை எடுத்த மலாவியில் முதல் வகுப்புகளில் ஓர் ஆசிரியர் முன் நூறு பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். பலருக்குப் பெஞ்சும் புத்தகமும் இல்லை. உலக வங்கியின் கணக்கின்படி, கொரோனாவுக்கு முன்பே ஏழை நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும் பத்து வயதுப் பிள்ளைகளில் 57 விழுக்காட்டினரால் ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. பள்ளிகள் மூடப்பட்ட பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு அது 70 விழுக்காடாகியிருக்கும் என்று அந்த வங்கி மதிப்பிட்டது. இந்தியாவில் பிரதம் அமைப்பு 2005 முதல் வீடு வீடாகச் சென்று எடுக்கும் ஏசர் கணக்கெடுப்பும் இதையே காட்டுகிறது. ஊர்ப்புற ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிவதில்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, பிள்ளை வகுப்பில் இருக்கிறது, பாடம் எங்கோ முன்னால் போய்விட்டது.

இந்தத் தொலைவைக் குறைத்தவர்களின் வழி எளிமையானது. வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 1985இல் 22 ஓரறைப் பள்ளிகளோடு தொடங்கியது. ஒரு பள்ளிக்கு முப்பது பிள்ளைகளுக்குச் சற்று மேல், பெரும்பாலோர் பெண்கள். அதே ஊர்ப் பெண் ஒருவர் ஆசிரியர். முதலிலிருந்து முடிவு வரை அதே ஆசிரியர், அதே பிள்ளைகள். யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் போகாது. பின்லாந்துப் பள்ளிகளில் பிள்ளை பின்தங்கத் தொடங்கும்போதே தனி ஆசிரியர் வந்து உட்கார்ந்துகொள்கிறார், தோற்கும் வரை காத்திருப்பதில்லை. பிரதம் வேறொரு முறையைக் கையாண்டது. நாளில் ஒரு மணி நேரம் வகுப்பையும் வயதையும் மறந்து, எழுத்து மட்டும் தெரிந்தவர்கள் ஒரு வட்டம், சொல் தெரிந்தவர்கள் ஒரு வட்டம், வரி படிப்பவர்கள் ஒரு வட்டம் என்று பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது. பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் பல மாநிலங்களில் அளந்து பார்த்து இம்முறை பலன் தருவதை உறுதிசெய்தார்கள். இன்று ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் அது நடைமுறையில் இருக்கிறது. பாடநூல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

படகும் விளக்கும் வானொலியும் மிதிவண்டியும் சோறும் செய்ததையே இந்த வட்டமும் செய்கிறது. பிள்ளை நிற்கும் இடத்துக்குப் பள்ளி போகிறது. சட்டங்களில் உள்ள மைல்களும் கிலோமீட்டர்களும் பள்ளியின் வாசல்வரைக்குமான கணக்கு. வாசலிலிருந்து கடைசி பெஞ்சு வரை, கடைசி பெஞ்சிலிருந்து சிலேட்டில் எழுதும் முதல் எழுத்து வரை உள்ள சில அடிகளுக்கு எந்த நாட்டுச் சட்டத்திலும் அளவு இல்லை. அந்தச் சில அடிகளை ஓர் ஆசிரியர்தான் நடந்து கடக்க வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக, ஒவ்வொரு நாளும்.